வலது பாதி ஆண், இடது பாதி பெண்

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்தில் கோர்வைச் சேலை ஓடும் தறியருகே நின்றால் கரை இருக்கும் இடத்தைப் பாருங்கள். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. அரக்கு ஊடை உடல் முழுக்க ஓடிவந்து கரை தொடங்கும் இடத்தில் நின்றுவிடும். கரையின் பச்சை ஊடை அங்கே வந்து அதைக் கோத்துக்கொண்டு திரும்பும். ஒவ்வொரு இழைக்கும் இந்தக் கோப்பு நடந்தாக வேண்டும். அதனால்தான் கோர்வைக்கு ஒருவர் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். இந்தப் பாட்டுக்குக் கிடைக்கும் பலன் ஒரு கோடு. அதற்கு இந்தப் பக்கம் சுத்த அரக்கு, அந்தப் பக்கம் சுத்தப் பச்சை. ஒரே நாடாவில் நெய்தால் கரையின் பாவும் உடலின் ஊடையும் கலந்து மூன்றாவது நிறம் ஒன்று வந்துவிடும். கோர்வையில் அதற்கு இடமில்லை.

இப்படி ஒரு கோடு உயிருள்ள பறவையின் உடம்பில் விழுவதுண்டு. அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கம் ஆண், மறுபக்கம் பெண்.

2020 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கார்னெகி இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் பவுடர்மில் காப்பகத்தில், பறவைகளுக்கு வளையம் மாட்டுகிறவர்களின் வலையில் ரோஜா மார்புக் குரோஸ்பீக் ஒன்று சிக்கியது. இந்த இனத்தில் ஆணுக்குச் சிறகின் உட்பக்கம் ரோஜா நிறம், பெண்ணுக்கு மஞ்சள். கையில் பிடித்துச் சிறகை விரித்தபோது வலச்சிறகின் அடியில் ரோஜா, இடச்சிறகின் அடியில் மஞ்சள். வலது பக்க இறகுகள் ஆணுக்குரிய கறுப்பு, இடது பக்கம் பெண்ணுக்குரிய பழுப்பு. 64 ஆண்டுகளாக அங்கே பறவைகளைப் பிடித்து வளையமிட்டு வந்திருக்கிறார்கள். அத்தனை காலத்தில் இப்படிப்பட்டவை பத்துகூடத் தேறவில்லை.

அறிவியலில் இவற்றுக்கு கைனாண்ட்ரோமார்ஃப் என்று பெயர். நான் இருபாதிப் பறவை என்றே சொல்லப்போகிறேன். மண்புழுவையும் தோட்டத்து நத்தையையும் இதோடு சேர்க்க வேண்டாம். அவற்றில் ஒவ்வொன்றுக்கும் இரு பாலுறுப்புகளும் இருப்பது அந்த இனத்தின் இயல்பு. இருபாதிப் பறவையோ எல்லாப் பறவைகளும் ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கும் கூட்டத்தில் எப்போதாவது தென்படும் ஒன்று.

கொலம்பியாவில் மனிசாலஸ் நகருக்கு அருகே ஒரு பண்ணையில், பழம் வைத்த மேடைக்கு 2021 அக்டோபர் முதல் 2023 ஜூன் வரை ஒரு பச்சைத் தேன்கொடிச்சிட்டு வந்துபோனது. வலப்பக்கம் ஆணின் நீலம், இடப்பக்கம் பெண்ணின் பச்சை. அந்த இனத்தில் நூறாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் இது இரண்டாவது பதிவு. இல்லினாய் மாநிலத்தின் ராக் ஐலண்டில் ஒரு கார்டினல் பறவை. இதற்கு இடப்பக்கம் ஆணின் சிவப்பு, வலப்பக்கம் பெண்ணின் சாம்பல். அதை 2008 முதல் 2010 வரை 40 தடவைக்கு மேல் பின்தொடர்ந்து கவனித்தார்கள். அது துணை சேரவில்லை, பாடியும் யாரும் கேட்கவில்லை. மற்ற கார்டினல்கள் அதைக் கொத்தி விரட்டவும் இல்லை. இந்தக் கடைசிச் செய்தியைப் படித்தபோது, நம்மைவிடப் பறவைகள் பரவாயில்லை என்று ஒரு நொடி தோன்றியது உண்மைதான். ஒரே ஒரு பறவையின் கதையை வைத்து அவ்வளவு தூரம் போகக்கூடாது.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்தப் பறவைகள் வேடிக்கைப் பொருளாக மட்டும் இருந்திருந்தால் இந்த அத்தியாயத்துக்கே அவசியமில்லை. பாடநூலில் ஒரு விதியாகவே எழுதி வைத்திருந்ததை இவை ஆட்டம் காண வைத்தன.

1940களில் பாரிஸில் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் என்பவர் தாயின் கருப்பையில் இருந்த முயல் கருக்களுக்கு அறுவை செய்து, விரையோ சூலகமோ ஆகப்போகும் சுரப்பியை நீக்கினார். அதன் பிறகு அந்தக் கருக்கள் எல்லாமே பெண் உடலமைப்போடு வளர்ந்தன, ஆண் குரோமோசோம் கொண்டவைகூட. அதாவது பாலூட்டிகளில் குரோமோசோம் செய்வது ஒரு வேலையைத்தான்: சுரப்பி விரையா சூலகமா என்று முடிவு செய்வது. மிச்சத்தைச் சுரப்பி பார்த்துக்கொள்கிறது. அது சுரக்கும் ஹார்மோன் இரத்தத்தில் ஓடி ஒவ்வொரு உறுப்புக்கும் கட்டளை கொண்டுபோகிறது. பறவைக்கும் இதே கதைதான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் இருபாதிப் பறவை இருக்கவே முடியாது. ஒரே இதயம், ஒரே இரத்தம். வலக்காலுக்குப் போகும் ஹார்மோன்தான் இடக்காலுக்கும் போகிறது. கட்டளை ஒன்று, கீழ்ப்படிதல் இரண்டு விதம் என்றால் எங்கோ உதைக்கிறது.

விடை ஒரு கோழிப் பண்ணையிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ அருகே ராஸ்லின் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. டாலி என்ற ஆட்டுக்குட்டி படியெடுத்துப் பிறந்த அதே இடம். அங்கே மைக்கேல் கிளின்டனின் குழுவுக்கு மூன்று இருபாதிக் கோழிகள் கிடைத்தன. அவை முட்டைக்காக வளர்க்கும் பழுப்புக் கலப்பினம். அந்தக் கலப்பில் சேவல் வெள்ளையாகவும் பெட்டை பழுப்பாகவும் பிறக்கும், குஞ்சு பொரித்த அன்றே பிரித்துவிடலாம் என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். இந்த மூன்றும் ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் பழுப்பு. நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். அதைத் தீர்மானிக்கும் மரபணு பாலின குரோமோசோமிலேயே உட்கார்ந்திருக்கிறது. மற்றவற்றைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பக்கத்தில் தொங்குதாடி பெரிது, மார்புச் சதை கனம், காலில் முள் பெரிது. பழுப்புப் பக்கத்தில் எல்லாமே பெட்டைக்குரிய அளவு. ஒரே கோழியின் இரண்டு கால்களில் ஒன்று சேவல் கால், மற்றொன்று பெட்டைக் கால்.

ஒரு பாதியில் ஏதோ குரோமோசோம் தொலைந்திருக்கும் என்றுதான் முதலில் எதிர்பார்த்தார்கள். பார்த்தால் எதுவும் தொலையவில்லை. ஒரு பக்கத்தில் பெரும்பாலும் முறையான சேவல் செல்கள், மறுபக்கத்தில் பெரும்பாலும் முறையான பெட்டைச் செல்கள். எல்லாம் ஒரே இரத்தத்தில் நனைந்துகொண்டுதான் இருந்தன, ஆனாலும் தத்தம் வழியே போயின. அதோடு நிற்காமல் குழு இன்னொரு சோதனையும் செய்தது. பச்சையாக ஒளிரும் செல்களைக் கொண்ட கோழிக் கருவிலிருந்து, பின்னால் இனப்பெருக்கச் சுரப்பியாக மாறப்போகும் திசுவைச் சுரப்பி உருவாகும் முன்பே எடுத்து, வேறு கருவில் பதித்தார்கள். சேவல் கருவுக்குள் போன பெட்டைச் செல்கள் வளரும் விரைக்குள் இடம்பிடித்தன, ஆனால் விரைச் செல்லின் வேலையை ஏற்கவில்லை. சுற்றிலும் ஆண் செல்கள், ஆண் சூழல். இருந்தும் அவை பெட்டையாகவே இருந்தன. 2010இல் 'நேச்சர்' இதழில் இந்த ஆய்வு வந்தது. பறவையின் உடம்பில் ஒவ்வொரு செல்லும் தான் ஆணா பெண்ணா என்பதைத் தானே அறிந்திருக்கிறது என்பது அதன் சாரம். கோழிகளில் பத்தாயிரத்துக்கு ஒன்று இப்படி இருக்கலாம் என்பது கிளின்டனின் தோராயக் கணிப்பு. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரு லட்சம் கோழிக்குப் பத்து. சேவலும் பெட்டையும் ஒரே வெள்ளையாக இருக்கும் பண்ணை இனங்களில் அந்தப் பத்தும் யார் கண்ணிலும் படாமல் போகும்.

சரி, ஒரே முட்டையிலிருந்து இரண்டு வகைச் செல்கள் எப்படி வந்தன? இதற்குக் காஞ்சிபுரத்துக்கே திரும்பலாம். பட்டுப்புழுவிடம் பதில் இருக்கிறது.

நம்மில் ஆணுக்கு எக்ஸ், ஒய் என்று இரண்டு வேறு குரோமோசோம்கள். குழந்தையின் பாலினத்தைத் தந்தையின் விந்து முடிவு செய்கிறது. பறவைகளில் இது தலைகீழ். ஆணுக்கு இசட் இசட், பெண்ணுக்கு இசட் டபிள்யூ. குஞ்சு சேவலா பெட்டையா என்பது தாயின் முட்டையில் இருப்பது இசட்டா டபிள்யூவா என்பதைப் பொறுத்தது. பட்டுப்பூச்சியிலும் இதே ஏற்பாடுதான். இரண்டும் ஒரே மூதாதையிடம் பெற்ற சொத்தல்ல, பறவையும் பூச்சியும் தனித்தனியே வந்துசேர்ந்த வழி.

பட்டு வளர்ப்பில் புழுவின் பாலினம் காசு விவகாரம். ஆண் கூட்டில் உடல் எடைக்கு ஒப்பிட்டால் பட்டு கூடுதல். கலப்பின முட்டை தயாரிக்கும் இடங்களில் இரண்டு இனங்களும் தமக்குள்ளேயே கூடிவிடாதபடி ஆண் கூட்டுப்புழுவையும் பெண் கூட்டுப்புழுவையும் பிரித்தாக வேண்டும். கூட்டைக் கத்தரித்துப் புழுவை எடுத்து, வயிற்றுப் பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள். எட்டாம் வளையத்தில் பெருக்கல் குறி போல ஒரு கோடு இருந்தால் பெண். ஒன்பதாம் வளையத்தில் ஒரு புள்ளி இருந்தால் ஆண். பழகிய கைக்கு ஒரு புழுவுக்கு ஒரு நொடி போதும். இப்படி லட்சக்கணக்கில் புழுக்களைப் புரட்டிப் பார்க்கும் தொழிலில் விநோதங்கள் மறைந்து கிடக்க முடியாது. ஒரு பக்கம் ஒரு பாலினமும் மறுபக்கம் வேறொன்றுமாக இருக்கும் புழுக்களை ஜப்பானியப் பட்டு ஆய்வாளர்கள் வெகுநாளாக அறிவார்கள். 1927இல் ரிச்சர்ட் கோல்ட்ஷ்மிட்டும் கட்சுகியும் இது தலைமுறை தலைமுறையாகத் தொடரும் ஒரு பட்டுப்புழு வம்சத்தைப் பற்றி எழுதினார்கள்.

அந்த வம்சத்தில் நடப்பது இதுதான். முட்டை உருவாகும்போது தாயின் உட்கரு பிரிந்து ஒரு பங்கு மட்டும் நிலைத்து, மிச்சம் கழிய வேண்டும். கழிய வேண்டிய பங்கு கழியாமல் தங்கிவிடுகிறது. ஆக ஒரே முட்டைக்குள் இரண்டு உட்கருக்கள். ஒன்றில் இசட், மற்றொன்றில் டபிள்யூ. இரண்டு விந்தணுக்கள் வந்து இரண்டையும் தனித்தனியே கருவுறச் செய்கின்றன. இசட் கிடைத்த பாதியிலிருந்து ஆண் செல்கள் பெருகுகின்றன, டபிள்யூ கிடைத்த பாதியிலிருந்து பெண் செல்கள். அண்ணனும் தங்கையும் ஒரே தோலுக்குள் வளர்வதற்குச் சமம் இது. பூச்சிகளில் இது யாரையும் திடுக்கிட வைக்கவில்லை. நம்மைப் போல இரத்தத்தில் ஓடும் பாலின ஹார்மோன் பூச்சிக்குக் கிடையாது, செல்லுக்குச் செல் முடிவெடுப்பது அங்கே பழைய செய்தி.

கோழி முட்டைக்கும் இதே விளக்கம்தான் பொருந்துகிறது. பறவையில் இதற்கு வாய்ப்பு ஒரு படி கூடுதல் என்றே சொல்லலாம். பாலூட்டியின் முட்டைக்குள் ஒரு விந்தணு நுழைந்ததும் கதவு சாத்திக்கொள்ளும். பறவை முட்டைக்குள் பல விந்தணுக்கள் நுழைவது சாதாரணம். வழக்கமாக ஒன்று மட்டும் தாயின் உட்கருவோடு சேர, மற்றவை அழிந்துபோகும். உள்ளே இரண்டாவது உட்கரு ஒன்று காத்திருந்தால் அதற்கு விந்தணுப் பஞ்சம் இல்லை. பிறகு கரு முதல் தடவை இரண்டாகப் பிளக்கும் கோடு உடம்பின் இட வலக் கோடாக அமைந்துவிட்டால், அலகு முதல் வால்வரை கோர்வை விழுந்துவிடும்.

ஆக ஹார்மோனுக்குப் பறவையில் வேலையே இல்லை என்று ஓடிவிட வேண்டாம். இங்கே மயில் குறுக்கே வந்து நிற்கிறது.

1780இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். அதில் டிண்ட் சீமாட்டி வளர்த்த பெண்மயில் ஒன்று வருகிறது. எட்டுத் தடவை குஞ்சு பொரித்த தாய். பதினோரு வயதில் இறகு உதிர்த்து முளைத்தபோது வீட்டார் வாயடைத்துப் போனார்கள்: முளைத்தவை ஆண்மயிலின் இறகுகள். இன்று காரணம் தெரியும். மயில், கோழி வகைகளில் பகட்டான இறகுதான் இயல்புநிலை, அதை அடக்கி வைப்பது சூலகத்தின் ஈஸ்ட்ரஜன். வயதாலோ நோயாலோ சூலகம் ஓய்ந்தால் அடக்குமுறை விலகுகிறது, இறகு தோகையாகிறது. இந்த மாற்றம் உடம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி வரும். நடுக்கோடு இருக்காது.

பெட்டைக்கோழி கூவினால் கெட்ட சகுனம் என்று அதை அன்றைக்கே குழம்பாக்கிவிடுவார்கள் நம் கிராமங்களில். அதுவும் இந்தச் சங்கதிதான். பெரும்பாலான பறவைகளுக்கு இடது சூலகம் மட்டுமே வளர்ந்து வேலை செய்கிறது, வலது பக்கத்தில் ஒரு மொட்டு உறங்கிக் கிடக்கும். இடது சூலகம் நோயில் சிதைந்தால் வலது மொட்டு சிலசமயம் விழித்துக்கொண்டு விரையின் குணத்தோடு வளரும். 1923இல் எடின்பரோவில் எஃப். ஏ. இ. க்ரூ என்பவர் இப்படி ஒரு கோழியைப் பற்றி எழுதினார்: முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, பின்னர் கூவத் தொடங்கி, கடைசியில் குஞ்சுகளுக்குத் தந்தையும் ஆன கோழி. 1474இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் முட்டையிட்ட குற்றத்துக்காக ஒரு 'சேவலை' விசாரித்து எரித்தார்கள். பாவம், அது இப்படி உருமாறிய பெட்டையாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

மயிலின் தோகையில் ஹார்மோன் அதிகாரம் செலுத்துகிறது. சிட்டுக்குருவியில் அதுவே பாதி வழியில் நின்றுவிடுகிறது. 1930களில் ஆண் சிட்டுக்குருவிகளின் விரையை நீக்கிப் பார்த்தபோது அலகின் கறுப்பு வெளுத்தது, தொண்டையில் உள்ள கறுப்புப் பட்டை அப்படியே இருந்தது. ஒரே தலையில் அலகுக்கு ஒரு சட்டம், அதற்கு இரண்டு விரல் கீழே வேறு சட்டம். ராஸ்லின் குழுவினர் 2021இல் இதை இன்னும் தெளிவாக்கினார்கள். இசட் குரோமோசோமில் டிஎம்ஆர்டி1 என்ற மரபணு இருக்கிறது. அது இரண்டு படி இருந்தால்தான் விரை உருவாகும். சேவல் கருவில் ஒரு படியைச் செயலிழக்கச் செய்தார்கள். வளர்ந்தவற்றுக்கு உள்ளே சூலகம். வெளித்தோற்றமோ பெரும்பாலும் சேவலாகவே இருந்தது.

மூளைக்கு எந்தச் சட்டம்? வளர்ப்புப் பறவைக் கடைகளில் ஃபின்ச் என்று ஜோடியாக விற்கிறார்களே, அந்த வரிக்குருவியில் பாடுவது ஆண் மட்டும். பாட்டுக்கான மூளைப் பகுதிகளும் ஆணில்தான் பெரிது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வலது பாதி ஆணும் இடது பாதி பெண்ணுமான ஒரு ஃபின்ச் கிடைத்தது. அது ஆணைப் போலப் பாடியது, பெண் குருவிகளை நாடியது. 2003இல் ஆர்தர் அர்னால்டும் மற்றவர்களும் அதன் மூளையை ஆராய்ந்து எழுதினார்கள். பாட்டுப் பகுதி வலப்பக்கத்தில் பெரிது, இடப்பக்கத்தில் சிறிது. இரத்தம் பொது, இந்த வேறுபாட்டைச் செல்கள்தான் உண்டாக்கியிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சிறிய இடப்பக்கமும் சாதாரணப் பெண் குருவியின் பகுதியைவிட ஆண் தன்மை மிகுந்திருந்தது. ஏதோ ஒன்று கோட்டைத் தாண்டிக் கசிந்திருக்கிறது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், இரண்டு கட்சிக்காரர்களுக்கும் முழு வெற்றி கொடுக்காததால்.

காஞ்சியில் இருந்துகொண்டு இதையெல்லாம் எழுதும்போது கைலாசநாதர் கோயிலைத் தாண்டிப்போக முடியாது. ராஜசிம்ம பல்லவன் கட்டிய அந்தக் கோயிலில் காளைமேல் அமர்ந்து வீணையேந்திய அர்த்தநாரி இருக்கிறார். நம் மரபில் உமைக்கு இடப்பாகம். குரோஸ்பீக், தேன்கொடிச்சிட்டு, ஃபின்ச் மூன்றும் அப்படியே அமைந்ததைக் கண்டு சிலிர்ப்பவர்களுக்கு ராக் ஐலண்ட் கார்டினலை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அதற்குப் பெண்பாகம் வலம். சிற்பிக்கு இலக்கணம் உண்டு, முட்டைக்கு இல்லை. ஆனால் இடம் பெண்ணாக அமைந்தால் பறவைக்கு ஒரு பலன் இருக்கலாம். வேலை செய்யும் சூலகம் இடப்பக்கத்தில்தானே. 2019இல் பென்சில்வேனியாவின் ஈரி நகரில் இடப்பக்கம் பெண்ணான ஒரு கார்டினல் ஆண் துணையோடு சுற்றியபோது, அது முட்டையிடக்கூடும் என்று பறவையியலாளர்கள் பேசிக்கொண்டது இதனால்தான்.

மேலே சொன்னவை பெரும்பாலும் அமெரிக்கப் பறவைகளாக இருப்பதற்கு அமெரிக்க முட்டைகள் காரணமல்ல. அங்கே வீட்டு வாசலில் தீனி வைத்துக் கேமராவோடு காத்திருப்பவர்கள் அதிகம்; கார்டினலோ ஆண் செக்கச் சிவப்பு, பெண் மங்கல். தவறு நடந்தால் தூரத்திலிருந்தே தெரியும். 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த வேடந்தாங்கலுக்குப் போய்ப் பாருங்கள். நத்தை குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், கூழைக்கடா. ஆணும் பெண்ணும் நம் கண்ணுக்கு ஒன்றே. மரம் நிறைய உட்கார்ந்திருக்கும் நாரைகளில் ஒன்று நட்டநடுவே பிளவுபட்ட இருபாதியாக இருந்தாலும், எத்தனை நல்ல தொலைநோக்கியானாலும் காட்டிக்கொடுக்காது.

தேட வேண்டியவை வேறு. குயில்: ஆண் கன்னங்கரேல், பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகள். குண்டுக்கரிச்சான், தூக்கணாங்குருவி, சிட்டுக்குருவி, ஊதாத் தேன்சிட்டு. காமாட்சியின் கையருகே இருக்கும் கிளியும்தான்; நம் பச்சைக்கிளியில் ஆணுக்கு மட்டும் கழுத்தில் ஆரம் உண்டு. ஆனால் ஆண் கிளிக்கு அந்த ஆரம் வர ஏறக்குறைய மூன்று வயதாகும், பாதி வந்த ஆரத்தைப் பார்த்துவிட்டுப் பத்திரிகைக்குப் போன் செய்துவிடக் கூடாது. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் தேன்சிட்டு மஞ்சள் வயிறோடு, தொண்டையிலிருந்து இறங்கும் ஒரு கறுப்புக் கோட்டோடு திரியும். அது உடை மாற்றுவது மட்டுமே. திட்டுத்திட்டாக இருந்தால் பெரும்பாலும் இறகு உதிர்ப்பு. இரு பக்கமும் ஒரே மாதிரிக் கலப்பாக இருந்தால் ஹார்மோனைச் சந்தேகிக்கலாம். நடுவே கோடு விழுந்து, அதற்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் வேறொன்றுமாக இருந்தால்தான் அது இருபாதிப் பறவை. அப்படி ஒரு குயில் உங்கள் வேப்பமரத்தில் உட்கார்ந்தால் முதலில் மார்பைப் படமெடுங்கள், பிறகு முதுகை. பக்கவாட்டுப் படம் மட்டும் இருந்தால் அதில் இருப்பது வெறும் ஆண் குயில், அல்லது வெறும் பெண் குயில்.